மானியமும் மரக்காணத்து உப்பளமும்

விழுப்புரம் ஜில்லாவின் மரக்காணம் கரையில் உப்பு எடுப்பவர் உழவரா, ஆலைத் தொழிலாளியா, அல்லது சுரங்கக் கூலியா என்று ஒருவர் கேட்பாரானால், வேலையற்றவர்களின் தர்க்கம் என்று நம்மில் பலர் நகைக்கக்கூடும். ஆயினும் அக்கரையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலும் அடுப்பு எரிவதும் எரியாமற் போவதும் அக்கேள்விக்குச் சர்க்கார் சொல்லிவரும் விடையையே பொறுத்திருக்கின்றன. ஆதலின் அதை இன்று சற்று ஆராய்வது நமது கடமையாகிறது.

தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்புக்குப் பெயர் பெற்ற இடம் மரக்காணம். தை பிறந்ததும் அங்கே வேலை துவங்குகிறது. மழையில் கரைந்துபோன வரப்புகளைச் செப்பனிட்டு, சேற்றைக் காலால் மிதித்து இறுக்கி, பாத்தி கட்டுகிறார்கள். உவர்நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். ஏறக்குறைய 3 டிகிரி அடர்த்தியுள்ள கடல்நீர் சுண்டிச் சுண்டி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்புப் பூக்கிறது. பூத்ததைப் பலகையால் வாரிக் கரையேற்ற வேண்டும். பெண்கள் அதைக் கூடையில் சுமந்து போய் அம்பாரமாகக் குவிக்க வேண்டும். வரப்பு, பாத்தி, மடை, அம்பாரம் - இவை யாவும் உழவனுடைய சொற்கள் என்பதை வாசகர் கவனித்திருப்பர். சூரியனையும் மழையையும் நம்பிப் பிழைப்பவன் உழவன் என்றால், உப்பளத்தான் அவனிலும் ஒரு படி கூடுதலாக நம்புகிறான். நெல்லுக்குப் பெய்கிற மழையில் பாதியாவது நன்மை. உப்புக்கோ ஒரு தூறலும் நஷ்டம். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்று நம்மவர்கள் சொல்வது வீண் பேச்சன்று.

ஆனால் சட்டம் அவனை உழவன் என்று ஒப்புவதில்லை. 1961ஆம் ஆண்டில் பம்பாய் உப்பளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கூரையில்லாத வெட்டவெளியாயினும் உப்பளம் தொழிற்சாலைச் சட்டத்தின்படி தொழிற்சாலையே என்று தீர்ப்பளித்தது. கடல்நீரை உப்பாக மாற்றுவது உற்பத்தி வேலை என்பது அத்தீர்ப்பின் சாரம். தொழிலாளியின் பாதுகாப்பை உத்தேசித்து நோக்குமிடத்து அது நல்ல தீர்ப்புத்தான். அதை நாம் குறை கூறவில்லை. இந்திய சர்க்காரின் தொழில் வகைப்பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாலோ, உப்பு எடுத்தல் சுரங்கம், கல்லுடைத்தல் இவற்றின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ராஜ்ய சர்க்கார் தன் பங்குக்குக் குறைந்த கூலிச் சட்டத்தின் அட்டவணையில் உப்பளத்தைச் சேர்த்திருக்கிறது. ஆகவே ஒரு கச்சேரியில் அவன் ஆலைத் தொழிலாளி, இன்னொரு கச்சேரியில் சுரங்கக்காரன், மற்றொன்றில் தினக்கூலி. பணம் பட்டுவாடா செய்யும் ஜன்னலில் மட்டும் அவன் ஒருவருமல்லன்.

அந்த ஜன்னல் எது என்று சொல்லிவிடுகிறோம். பிரதம மந்திரியின் விவசாயிகள் கௌரவ நிதி என்ற திட்டத்தை மத்திய சர்க்கார் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி கோரக்பூரில் துவக்கியது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாய் வீதம், விவசாயக் குடும்பத்தின் பாங்குக் கணக்கில் நேரே சேர்க்கப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கு என்று இருந்த வரம்பு, அவ்வருஷத்துப் பொதுத் தேர்தல் முடிந்தவுடன் எடுக்கப்பட்டது. வருமான வரி கட்டுவோர், சர்க்கார் உத்தியோகஸ்தர், டாக்டர், எஞ்சினியர், எம்மைப் போன்ற வக்கீல்கள் முதலியோர் விலக்கப்பட்டிருக்கிறார்கள், அது நியாயமே. ஆனால் பெறுவதற்கு உரிய தகுதி ஒன்றே ஒன்று: சாகுபடி நிலம் சொந்தப் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். உழுகிறவன் யார் என்று திட்டம் கேட்கவில்லை. பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்கிறது. குத்தகைக்கு எடுத்து உழுகிறவனுக்கும் இடமில்லை. நாற்று நடும் கூலியாளுக்கும் இடமில்லை. அப்படியிருக்க, உப்பளத்தானைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அவன் மிதிக்கும் மண்ணில் அவனுக்கு ஒரு சாண் பட்டா இல்லை. அளத்தை நடத்துகிறவர்களிலும் பலர் சர்க்கார் நிலத்தைக் குத்தகையாகப் பிடித்தவர்களே.

இவ்விடத்தில் அரசியல் சட்டத்தை ஒரு கணம் புரட்டிப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏழாவது அட்டவணையில் விவசாயம் ராஜ்யங்களின் பட்டியலில் 14ஆவது இனம். உப்பு அப்படியன்று. மத்திய சர்க்காரின் பட்டியலில் 58ஆவது இனமாக, உப்பை உற்பத்தி செய்வது, வழங்குவது, பிறர் செய்வதைக் கட்டுப்படுத்துவது ஆகிய யாவும் டில்லிக்கே உரியவை என்று எழுதப்பட்டிருக்கிறது. உப்புக் கமிஷனரின் தலைமைக் காரியாலயம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. மத்திய சர்க்காருக்குப் பல ராஜ்யங்களில் உப்பு நிலங்கள் சொந்தமாக இருக்கின்றன. அவற்றுக்கு வாடகை வாங்கப்படுகிறது. இதன் விபரீதத்தைப் பாருங்கள். தன் பட்டியலில் இல்லாத விவசாயத்துக்கு டில்லி முழுச் செலவையும் தானே ஏற்று, மாகாண எல்லைகளைத் தாண்டி, குடியானவர் கணக்கில் நேரே பணம் போடுகிறது. தன் பட்டியலிலேயே உள்ள, தன் நிலத்திலேயே விளைகிற உப்புக்கு உழைப்பவனிடம், நீ என் பொறுப்பல்ல என்கிறது. விவசாயிக்குக் கொடுத்ததை நாம் தவறென்று சொல்லவில்லை. மாதம் 500 ரூபாய் என்பது எந்த விவசாயியையும் செல்வனாக்கிவிடாது. ஆயினும் மழை பெய்தாலும் பொய்த்தாலும் வருகிற பணம் என்ற ஓர் உறுதி அதற்கு உண்டு. அந்த உறுதிதான் மரக்காணத்தானுக்கு இல்லாதது.

உப்பின் மீது சர்க்காருக்கு உள்ள பாத்தியதை நேற்று வந்ததன்று. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அந்தப் பாத்தியதையை எதிர்த்தே 1930ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி ஸ்ரீ ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். மாத முடிவில் உப்பை அள்ளிச் சிறைக்குப் போனார்கள். 1947 ஏப்ரலில் உப்பு வரி ஒழிந்தது. இன்று உப்பின் மீது சரக்கு வரியும் இல்லை. உண்பவனுக்கு உப்பு விடுதலையாயிற்று. விளைவிப்பவனுடைய விஷயம் அந்தச் சட்டங்களில் எதிலும் எழுதப்படவில்லை; அவனுக்காக ஒருவரும் நடக்கவுமில்லை.

நிலப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டால் மோசடிக்கு இடமில்லை, தொழிலாளர் பட்டியல் என்று ஆரம்பித்தால் கண்டவர்களெல்லாம் நுழைந்துவிடுவார்கள் என்று சில அதிகாரிகள் கூறக்கூடும். இதற்கு விடை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இதே விழுப்புரம் ஜில்லாவில் 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. கொள்ளை நோயினால் ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்த அக்காலத்தில், விவசாயிகளை இணைய வழியாகப் பதிவு செய்வதற்கு உத்தியோகஸ்தர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த கடவுச்சொற்கள் தனியார் கணிப்பொறி நிலையங்களுக்கும் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உட்பட 13 ஜில்லாக்களில் நிலமே இல்லாதவர்கள் நிலச்சுவான்களாகப் பதிவாயினர். செப்டம்பரில் ராஜ்ய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர் சுமார் 5.5 லட்சம் பேர். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். ஒப்பந்த ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். உத்தியோகஸ்தர் சிலர் தற்காலிகமாக விலக்கப்பட்டனர். குற்றப் புலனாய்வுப் போலீஸார் பலரைக் கைது செய்தனர். மறு வருஷம் ஜூலையில் பார்லிமெண்டில் மந்திரி கொடுத்த கணக்கு இன்னும் பெரிது. தேசம் முழுவதிலும் தகுதியற்றவர் 42 லட்சம் பேர், ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் மட்டும் 7.22 லட்சம் பேர், 340 கோடி.

பட்டா என்ற கோட்டைச்சுவர் இவர்களில் ஒருவரையும் தடுக்கவில்லை என்பது நாம் முதலில் கவனிக்க வேண்டியது. இரண்டாவது, அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் திருடர்களல்லர். ஊரில் யாரோ வந்து, சர்க்கார் பணம் வருகிறது, ஆதார் அட்டையையும் பாங்குப் புத்தகத்தையும் கொடு என்றால் கொடுத்துவிடுகிற ஏழைகள் அவர்கள். வந்த பணத்தில் ஒரு பங்கு தரகனுக்குப் போயிற்று. பின்னர் அவர்களில் பலருடைய கணக்கிலிருந்து அத்தொகையைச் சர்க்கார் மீட்டது. கொடுக்க வேண்டியவனுக்கு வாசற்கதவை அடைத்துவிட்டால், கொல்லைப்புறக் கதவுக்குத் தரகன் சாவி செய்துகொள்கிறான். விழுப்புரத்தில் நடந்தது அதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். 1933இல் அமெரிக்காவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார், பருத்தி விலையை உயர்த்தும்பொருட்டு, விளைநிலத்தைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் சட்டம் ஒன்றைச் செய்தது. பணம் நிலச் சொந்தக்காரர் பெயரில் போயிற்று. வாரத்துக்கு உழுதவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று விதி இருந்தும், பல மிராசுதார்கள் பணத்தை வைத்துக்கொண்டு, நிலத்தைக் குறைத்த சாக்கில் வாரதாரர்களையே வெளியேற்றினார்கள். அர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தில் பாயின்ஸெட் ஜில்லாவைச் சேர்ந்த டைரன்ஸா என்ற சிற்றூரில் 1934 ஜூலையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து தென்னாட்டு வாரதாரர் சங்கத்தை அமைத்தது இந்த அநீதியினால்தான். ஜாதி வேற்றுமை இரும்புச் சட்டமாக இருந்த ஒரு பிரதேசத்தில், அக்காலத்தில், அப்படி உட்கார்ந்தார்கள் என்றால் அவர்கள் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். நில உரிமையாளனிடம் கொடுத்தால் உழைப்பவனுக்குத் தானே கசிந்து போகும் என்ற நம்பிக்கை அங்கேயே பொய்யாகிவிட்டது.

நம் தேசத்திலேயே வேறு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஒடிஸா 2018 டிசம்பரில் அறிவித்த காலியா என்ற திட்டத்தில் சிறு விவசாயிகளோடு குத்தகைதாரரையும், நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது; நிலமில்லாதோர் ஆடு, கோழி, காளான் முதலிய தொழில் செய்ய 12,500 ரூபாய் என்று வகுத்தது. சத்தீஸ்கர் 2021-22இல் நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் கொடுக்கத் துவங்கியது. அந்தத் திட்டங்கள் குறையற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. பட்டா இல்லாதவனைப் பட்டியலிட முடியாது என்ற வாதம் மட்டும் அவற்றால் பொய்யாயிற்று.

நமது ராஜ்ய சர்க்காரும் வாளாவிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பு விளையாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022இல் துவக்கினார்கள். அது பாராட்டத்தக்கதே. ஆனால் கணக்கைப் பார்ப்போம். அந்த மூன்று மாதங்களுக்கு 92 நாட்கள். நாளொன்றுக்கு ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 54 ரூபாய். அதே மரக்காணம் கரையில் அடுத்த தெருவில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைப்பட்ட 61 நாட்களுக்கு, முன்பு 5,000 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 முதல் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். நாளுக்கு 131 ரூபாய் ஆகிறது. மீனவருக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று பேசுபவர் எவரேனும் இருந்தால் அவரோடு நமக்குப் பேச்சில்லை. கடலை அடைத்தது சர்க்காரின் உத்தரவு, அளத்தை அடைத்தது வானம் என்ற ஒரு வித்தியாசத்தைத் தவிர, வேலையற்ற இரண்டு குடும்பங்களின் பசிக்கும் வேறு வித்தியாசம் என்ன?

54 ரூபாயில் வாழ இயலாதவன் வேறென்ன செய்வான்? முன்பணம் வாங்குகிறான். அளத்தை நடத்துபவரிடமோ தரகரிடமோ மழைக்காலத்தில் வாங்கிய பணம், தையில் அதே அளத்துக்கு அவனைத் திரும்ப இழுக்கிறது. கூலி பேசும் வாய் அப்பணத்தினால் முன்பே அடைபட்டிருக்கிறது. குறைந்த கூலிச் சட்டம் அட்டவணையில் எவ்வளவுதான் உயர்வான எண்ணை அச்சிட்டாலும், கடன்பட்டவன் அதைக் கேட்டு வாங்கமாட்டான். மழைக்கால மூன்று மாதத்தைச் சரிப்படுத்தாமல் மற்ற ஒன்பது மாதத்துக் கூலியைச் சரிப்படுத்த முடியாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

புயல் வந்தாலோ நிலைமை இன்னும் மோசம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது விழுப்புரம் ஜில்லா பட்ட துன்பத்தை யாவரும் அறிவர். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. டிசம்பர் 3ஆம் தேதி முதல் மந்திரி நிவாரணப் பட்டியலை அறிவித்தார். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500, பசுவுக்கும் எருமைக்கும் 37,500, ஆட்டுக்கு 4,000 என்று வகைவகையாக இருந்தது. வெள்ளம் சூழ்ந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும் உண்டு. உப்பளத்தானும் அந்த 2,000த்துக்கு உரியவனே. ஆனால் நொறுங்கிய வரப்புக்கும், வண்டல் மூடிய பாத்திக்கும், கரைந்தோடிய அம்பாரத்துக்கும் உரிய வரி எங்கே? பேரிடர் நிதிக்கு மத்திய சர்க்கார் வகுத்துள்ள விதிகளில் பயிருக்குத் தலைப்பு இருக்கிறது; கால்நடைக்கு, மீன்பிடிக்கு, கைத்தறிக்குத் தலைப்பு இருக்கிறது. உப்புக்குத் தலைப்பு இல்லை. தலைப்பில்லாத இடத்தில் தாசில்தார் எதை எழுதுவார்? அவர் இரக்கமுள்ளவராக இருந்தாலும் நிரப்புவதற்கு அவரிடம் காகிதத்தில் கட்டம் இல்லை.

ஆகையால் நாம் கேட்பது புதுத் திட்டமன்று. இருக்கிற திட்டங்களின் கதவை உழைப்பின் பக்கமாகத் திருப்புங்கள் என்கிறோம். விவசாயிக்கு ஆண்டுதோறும் கொடுக்கிற 6,000 ரூபாயை, அதே கணக்கில், அதே தவணையில், உப்பளத் தொழிலாளிக்கும் மத்திய சர்க்கார் கொடுக்கட்டும். 58ஆவது இனம் தன் கையில் இருக்கும்வரை, இது ராஜ்யத்தின் வேலை என்று டில்லி சொல்ல முடியாது. பேரிடர் விதிகளில் உப்புக்கென ஒரு தலைப்பு சேரட்டும். சென்னை சர்க்கார் தன் மழைக்கால நிவாரணத்தை மீனவர் நிவாரணத்தின் நாட்கணக்குக்கு உயர்த்தி, மழை முடிந்த பிறகல்லாமல் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கொடுக்கட்டும். தீபாவளிக்கு முன் வாங்கிய கடனை மார்கழியில் வருகிற பணம் தடுக்காது.

பட்டியலை யார் எழுதுவது என்பதே மிச்சமுள்ள கேள்வி. 2020ஐ மறக்காதவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கணிப்பொறி நிலையத்தில் எழுதக்கூடாது. அளத்தில் எழுத வேண்டும். தை முதல் புரட்டாசி வரை எந்த அளத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற வருகைப் புத்தகத்தைக் குத்தகைதாரர் வைத்திருக்க வேண்டும் என்பதை உப்பு நிலக் குத்தகையின் நிபந்தனையாகவே ஆக்கிவிடலாம். நிலத்துக்குச் சொந்தக்காரரான சர்க்காருக்கு அந்த அதிகாரம் தாராளமாக உண்டு. சுமை தூக்கும் பெண்ணின் பெயர் அவள் புருஷன் பெயருக்குக் கீழே மறையாமல் தனி வரியில் இருக்க வேண்டும். அக்டோபர் 2ஆம் தேதி, உப்புப் பருவம் முடிந்து மழைக்கு முன்னதாக, ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அன்று சுற்றுப்புற ஊர்களிலும், மரக்காணம் பேரூராட்சியில் அதன் வார்டுக் கூட்டங்களிலும், அப்பட்டியலை உரக்க வாசிக்கட்டும். பாத்தியில் கால் வைத்தறியாத ஒருவன் பெயர் அதில் இருந்தால், ஒன்பது மாதம் வெயிலில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள்.

விழுப்புரம் தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினரும், திண்டிவனம் பகுதியின் சட்டசபை அங்கத்தினரும் தத்தம் சபைகளில் ஒரு கேள்வியை எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மரக்காணத்தில் மத்திய சர்க்காருக்குச் சொந்தமான உப்பு நிலம் எத்தனை ஏக்கர். அதிலிருந்து வருஷந்தோறும் வருகிற குத்தகைப் பணம் எவ்வளவு. அதில் எத்தனை ரூபாய் அந்நிலத்தில் உழைப்பவருக்குத் திரும்பியது? ஜெய்ப்பூரிலிருந்து பதில் வந்ததும் இப்பத்தியில் வெளியிடுகிறோம்.